டிஜி டிக்ளரேஷன்: விமானச் சரக்கோடு போகும் அந்தச் சிவப்புக் கரைத் தாள் எதற்கு?

விமானத்தில் ரசாயனமோ பேட்டரியோ அனுப்ப வேண்டும் என்றதும் "எம்எஸ்டிஎஸ் இருக்கா?" என்று கேட்பார்கள். அந்தப் பாதுகாப்புக் குறிப்பேடு இருந்தால் சரக்கு போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். "டிஜி பேப்பர் போட்டுட்டா எதை வேணும்னாலும் ஏத்தலாம்" என்பது இன்னொரு கட்சி. "அதெல்லாம் ஃபார்வர்டர் பார்த்துப்பார்" என்று, சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்து தரும் அந்த இடைத்தரகரை நம்பி நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் மூன்றும் ஆபத்தானவை. அந்த டிஜி பேப்பரில், அதாவது அபாயகரப் பொருளுக்கான உறுதித் தாளில், என்ன எழுதுகிறார்கள், யார் எழுதுகிறார்கள், எழுதியதை அப்புறம் யார் படிக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

"உள்ளே என்ன?"

ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டிருப்பீர்கள். கவுன்ட்டரில் இருப்பவர் "உள்ளே என்ன?" என்று கேட்பார். "துணி" என்பீர்கள். ரசீதில் துணி என்று எழுதிப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிடுவார். பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த நொடியிலிருந்து பெட்டியைத் தொடுகிற எல்லோருக்கும் அது துணிதான். மேலே பாரம் ஏற்றுவார்கள், தலைகீழாக வைப்பார்கள், இன்ஜின் சூடு படும் மூலையில் திணிப்பார்கள். துணிக்கு ஒன்றும் ஆகாதே!

விமானச் சரக்கும் இப்படித்தான் நகர்கிறது. ஒட்டிய பெட்டியை வழியில் யாரும் திறப்பதில்லை. எக்ஸ்ரேயில் பாட்டில் தெரியும். பாட்டிலுக்குள் இருப்பது பன்னீரா அமிலமா என்று எக்ஸ்ரே சொல்லாது. பஸ்ஸில் புகை வந்தால் டிரைவர் ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிடலாம். 35,000 அடி உயரத்தில் ஓரங்கட்ட இடமில்லை.

ஆகவே அந்த "உள்ளே என்ன?" என்ற கேள்விக்கான பதிலை வாய்ப்பேச்சாக விடாமல், உலகம் முழுக்க ஒரே வடிவத்தில் எழுதி, அனுப்புகிறவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்தத் தாளின் பெயர் ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் ஃபார் டேஞ்சரஸ் குட்ஸ். கார்கோ ஆட்கள் டிஜிடி என்றோ டிக்ளரேஷன் என்றோ சுருக்கிச் சொல்வார்கள். ஷிப்பர் என்றால் சரக்கை அனுப்புகிறவர். தாளின் இடது, வலது ஓரங்களில் சாய்கோடுகள் போட்ட கரை ஒன்று, பெரும்பாலும் சிவப்பில், இருக்கும். கட்டுக்கட்டான காகிதங்களுக்கு நடுவே உடனே கண்ணில் படத்தான் அந்தக் கரை.

எது அபாயகரப் பொருள்?

உடல்நலத்துக்கோ, விமானத்துக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு செய்யக்கூடிய பொருள்களை அபாயகரப் பொருள், அதாவது டேஞ்சரஸ் குட்ஸ், சுருக்கமாக டிஜி என்கிறார்கள். இவற்றை ஒன்பது கிளாஸாகப் பிரித்திருக்கிறார்கள்: வெடிபொருள், வாயு, தீப்பற்றும் திரவம், தீப்பற்றும் திடப்பொருள், ஆக்சிஜன் தந்து தீயை வளர்ப்பவை, நச்சும் தொற்றும், கதிரியக்கம், அரிப்பவை, கடைசியாக இந்த எட்டிலும் அடங்காத இதர வகை.

பட்டியலைக் கேட்டதும் நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஆனால் சென்ட் பாட்டில் மூன்றாம் கிளாஸ். பெயின்ட்டும் நெயில் பாலிஷும் அப்படியே. வீட்டுத் தீப்பெட்டிக்கு யூஎன் 1944 என்ற எண்ணும் நாலாம் கிளாஸில் ஓர் இடமும் உண்டு. பவர் பேங்க், தடுப்பூசியைக் குளிரவைக்கும் உலர்பனி (டிரை ஐஸ்) இரண்டும் ஒன்பதாம் கிளாஸ். வீட்டு அலமாரியில் சாதுவாக இருக்கிற பொருள், மேலே அழுத்தம் குறையும்போதும் பெட்டி மணிக்கணக்கில் அதிரும்போதும் அதே சாதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

விதியை எழுதுவது யார்? ஐ.நா.வின் நிபுணர் குழு எல்லாப் போக்குவரத்துக்கும் பொதுவான அடிப்படையை வகுக்கிறது. அதை விமானத்துக்கு ஏற்ப விரித்து, ஐகாவோ என்ற சர்வதேசச் சிவில் விமான அமைப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொழில்நுட்ப அறிவுறுத்தல்களாக வெளியிடுகிறது. சட்ட பலம் அதற்குத்தான். விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா, அதையே தன் கூடுதல் நிபந்தனைகளோடு ஒவ்வொரு ஜனவரியிலும் புத்தகமாகப் போடுகிறது. கார்கோ மேஜைகளில் பார்க்கும் தடித்த புத்தகம் அதுதான். இந்தியாவில் 2003இல் இதற்கென்று தனி விதிகள் வந்தன, மேற்பார்வை டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

இதுவரை சொன்னதன் சாரம்: பெட்டியை யாரும் திறக்கப்போவதில்லை. அதனால் உள்ளே இருப்பது இன்னது என்று அனுப்புகிறவர் எழுத்தில் உறுதி தருகிறார். எந்தெந்தப் பொருளுக்கு அந்த உறுதி வேண்டும் என்பதை ஒன்பது கிளாஸ்கள் தீர்மானிக்கின்றன.

தாளில் இருக்கும் அந்த ஒற்றை வரி

டிஜிடியில் அனுப்புநர், பெறுநர், ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எண், புறப்படும் விமான நிலையம், சேரும் விமான நிலையம் எல்லாம் இருக்கும். அவை எந்தச் சரக்குக்கும் உள்ளவைதான். உயிர்நாடி நடுவில் வரும் ஒரு வரி. நாலு லிட்டர் அசிட்டோனை ஓர் அட்டைப்பெட்டியில் பயணிகள் விமானத்தில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வரி இப்படிப் போகும்: யூஎன் 1090, அசிட்டோன், 3, பேக்கிங் குரூப் 2, ஓர் அட்டைப்பெட்டி, 4 லிட்டர், 353.

முதலில் யூஎன் எண். ஐ.நா. பட்டியலில் அந்தப் பொருளுக்கான நாலு இலக்க எண் இது. டோக்கியோவில் இருக்கும் தீயணைப்பு வீரருக்குத் தமிழும் தெரியாது, நம் கம்பெனியின் பிராண்டும் தெரியாது. 1090 என்றால் தெரியும்.

அடுத்தது ப்ராப்பர் ஷிப்பிங் நேம். பட்டியலில் அச்சாகியிருக்கும் அதிகாரப்பூர்வப் பெயர் அது. இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கடையில் தின்னர் என்று விற்பதை டிஜிடியில் தின்னர் என்று எழுத முடியாது. யூஎன் 1263இன் கீழ் "பெயின்ட் ரிலேட்டட் மெட்டீரியல்" என்றுதான் எழுத வேண்டும். பிராண்ட் பெயர் இந்த இடத்தில் செல்லாது. பட்டியலில் தனிப் பெயர் இல்லாத ரசாயனமாக இருந்தால் "தீப்பற்றும் திரவம், வேறெங்கும் குறிப்பிடப்படாதது" என்பது போன்ற பொதுப் பெயரைப் போட்டுவிட்டு, அதையொட்டி உண்மையான ரசாயனப் பெயரையும் எழுத வேண்டும்.

அதன்பின் வரும் 3, கிளாஸ் எண். ஒரே பொருளுக்கு இரண்டாவது ஆபத்தும் இருந்தால் அந்த எண்ணும் கூடவே வரும். பேக்கிங் குரூப் என்பது ஆபத்தின் அளவு: ஒன்று கடுமை, இரண்டு நடுத்தரம், மூன்று குறைவு. தாளில் இதை ரோமன் எண்ணில் எழுதுவார்கள். எல்லாக் கிளாஸுக்கும் பேக்கிங் குரூப் கிடையாது, வாயுக்களுக்கு இல்லை.

கடைசியில் நிற்கும் 353, பேக்கிங் இன்ஸ்ட்ரக்ஷன் எண். எந்த மாதிரிப் பாத்திரம், எந்த மாதிரி வெளிப்பெட்டி, ஒரு பெட்டியில் எவ்வளவு என்று சொல்லும் விதியின் எண் அது. அசிட்டோனுக்கு 353 என்றால் பயணிகள் விமானம், ஒரு பெட்டிக்கு 5 லிட்டர் வரை. அதே அசிட்டோன் 364இன் கீழ் சரக்கு விமானத்தில் 60 லிட்டர் வரை போகலாம். தாளின் மேல்பகுதியில் "பயணிகள் மற்றும் சரக்கு விமானம்", "சரக்கு விமானம் மட்டும்" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பொருந்தாததை அடித்துவிட வேண்டும். 20 லிட்டர் எழுதிவிட்டு முதல் கட்டத்தை விட்டுவைத்தால் வரியும் கட்டமும் ஒன்றோடொன்று முரண்படும். அந்தத் தாள் திரும்பி வந்துவிடும்.

அடியில் உறுதிமொழி. மேலே சொன்ன விவரம் முழுமையானது, சரியானது; சரக்கை வகைப்படுத்தி, பேக் செய்து, குறியும் லேபிளும் ஒட்டி, ஏற்றத் தகுந்த நிலையில் தந்திருக்கிறேன்; விமானப் போக்குவரத்துக்கான விதிகள் எல்லாவற்றையும் நிறைவேற்றியிருக்கிறேன் என்பது அதன் சாரம். கீழே பெயர், தேதி, கையெழுத்து. தாள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கூடவே வேறு மொழியும் இருக்கலாம்.

உறுதிமொழியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அனுமதி கேட்பதாக அதில் ஒரு சொல்கூட இல்லை. வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்கிற தாள் அது. தப்பாக பேக் செய்த பெட்டியை டிஜிடி சரியாக்காது. பயணிகள் விமானத்தில் தடை செய்யப்பட்ட பொருளுக்கு டிஜிடி போட்டாலும் அது தடை செய்யப்பட்ட பொருளாகவே இருக்கும்.

எம்எஸ்டிஎஸ் போதாதா?

எம்எஸ்டிஎஸ், இப்போதைய பெயரில் எஸ்டிஎஸ், ஒரு ரசாயனத்தின் பாதுகாப்புக் குறிப்பேடு. தயாரிப்பாளர் எழுதுவது. தொழிற்சாலையில் அதைக் கையாளுகிறவருக்காக, பதினாறு பகுதிகளாக இருக்கும். அதன் 14ஆம் பகுதியில் போக்குவரத்து விவரம் வரும்: யூஎன் எண், ஷிப்பிங் நேம், கிளாஸ், பேக்கிங் குரூப். டிஜிடி எழுதுகிறவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.

ஆனால் நீங்கள் இன்று அனுப்பும் பெட்டியைப் பற்றி எஸ்டிஎஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை லிட்டர், எந்தப் பெட்டி, எந்த விமானம், யார் பொறுப்பு, எதுவும் அதில் இல்லை. அது பொருளைப் பற்றிய தாள். டிஜிடி இந்தச் சரக்கைப் பற்றிய தாள். எஸ்டிஎஸ் தேவைப்படும் இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. பெயரைக் கேட்டால் பயமாக இருந்தாலும் உண்மையில் அபாயகரப் பொருள் அல்லாத சரக்குக்கு ஏர்வே பில்லில் "நாட் ரெஸ்ட்ரிக்டட்" என்று எழுதுவார்கள். அதற்கு ஆதாரம் கேட்டால் 14ஆம் பகுதியைக் காட்டலாம்.

ஏர்வே பில்லையும் டிஜிடியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏர்வே பில் விமான நிறுவனத்தோடு செய்யும் ஏற்றிச்செல்லும் ஒப்பந்தம். டிஜி சரக்கு என்றால் அதில் டிக்ளரேஷனைப் பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு மட்டும் இருக்கும்.

கையெழுத்துப் போட்ட பிறகு

டிஜிடி கையெழுத்தோடு இரண்டு பிரதியாகப் போகும். ஒன்று சரக்கை ஏற்கும் விமான நிறுவனத்திடம் தங்கும். மற்றது சரக்கோடு பறக்கும். ஏற்கும் இடத்தில் ஒருவர் செக்லிஸ்ட்டோடு உட்கார்ந்து தாளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்ப்பார். தாளில் 1090 என்றால் பெட்டியிலும் 1090 இருக்கிறதா, லேபிள் சரியா, பெட்டி நசுங்காமல் இருக்கிறதா, கசியாமல் இருக்கிறதா. ஒரு கேள்விக்கு "இல்லை" விழுந்தாலும் சரக்கு நிற்கும். சின்ன எழுத்துப்பிழைக்கெல்லாம் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த ஆளின் மேல்தான் அனுதாபம். பெட்டியைத் திறக்காமல் அதைச் சோதிக்க அவருக்கு வேறென்ன வழி இருக்கிறது?

அங்கிருந்து தகவல் இன்னொரு தாளுக்கு மாறும். நோடாக் என்று அழைப்பார்கள். விமானிக்குத் தரும் அறிவிப்பு. எந்தப் பொருள், எத்தனை பெட்டி, எவ்வளவு, விமானத்தின் எந்த இடத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று அதில் இருக்கும். புறப்படுமுன் கேப்டன் கையில் அது வர வேண்டும். நடுவானில் சரக்கறையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கேப்டன் அதைப் பார்த்து, கட்டுப்பாட்டு அறைக்கு என்ன ஏற்றியிருக்கிறோம் என்று சொல்வார். கீழே காத்திருக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அந்தத் தகவல் போகும். தரையிலும் அதன் பிரதி ஒன்று இருக்கும்.

ஆக, ஷிப்பர் எழுதிய ஒரு வரிதான் செக்லிஸ்ட் ஆளிடமும், சுமை ஏற்றுபவரிடமும், கேப்டனிடமும், தீயணைப்பு வீரரிடமும் போய்ச் சேர்கிறது. இடையில் புதிதாக எந்த உண்மையும் சேருவதில்லை. முதல் வரி பொய்யானால் கடைசி வரை பொய்.

சென்னைக்கு வர வேண்டிய 80 கலன்கள்

2000 மார்ச் 15 அன்று மலேசியா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ330 பயணிகள் விமானம் ஒன்று பெய்ஜிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. அதில் சென்னைக்கு மாற்றி ஏற்ற வேண்டிய 80 கலன்கள் இருந்தன. காகிதத்தில் ஹைட்ராக்சிகுயினோலின் என்று இருந்தது. அது ஒரு திடப்பொருள். பெரிய கெடுபிடி இல்லாமல் போகக்கூடியது. கோலாலம்பூரில் சரக்கை இறக்கப் போன தொழிலாளர்களில் ஐந்து பேருக்கு உடல்நிலை பாதிக்கப்பட்டது. கலன்கள் சில கசிந்திருந்தன. உள்ளே இருந்தது ஆக்சலைல் குளோரைடு. நச்சும் அரிப்பும் சேர்ந்த திரவம் அது; காற்றின் ஈரம் பட்டாலே ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும்.

அரிப்பு விமானத்தின் உடற்பகுதிக்குப் பரவியிருந்தது. சரிசெய்து பயனில்லை என்று அந்த விமானத்தையே கைவிட்டார்கள். ஓர் ஏ330! அனுப்பிய சீன நிறுவனம் 6.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2007இல் பெய்ஜிங் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழியில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தாலும் அவர்கள் கையில் இருந்தது தப்பான பெயர்.

அதற்கு நாலு வருடம் முன்பு, 1996 மே 11 அன்று, அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானத்தில் ஐந்து பெட்டிகள் ஏறின. கூடப்போன சீட்டில் "ஆக்சி கேனிஸ்டர்ஸ், காலி" என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தது. காலி இல்லை. பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தரும் ரசாயன ஜெனரேட்டர்கள் அவை. இயங்கத் தொடங்கினால் வெளி ஓடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும், கூடவே ஆக்சிஜனும் வெளியே வரும். பாதுகாப்பு மூடிகளும் போடப்படவில்லை. சரக்கறையில் தீப்பிடித்து, கிளம்பிய பத்து நிமிடத்தில் விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 110 பேர் இறந்தார்கள்.

பேட்டரி, உலர்பனி: விதிவிலக்கு எங்கே?

எல்லா டிஜிக்கும் டிஜிடி வேண்டும் என்பதில்லை. குழப்பம் பெருகுவதே இங்கேதான்.

தடுப்பூசியோ மீனோ கெடாமல் இருக்க உலர்பனி வைத்தால் தனி டிஜிடி வேண்டாம். ஏர்வே பில்லில் யூஎன் 1845, பெயர், எத்தனை பெட்டி, எத்தனை கிலோ உலர்பனி என்று எழுதினால் போதும். உள்ளே இருக்கும் பொருளே அபாயகரமானது என்றால் கதை வேறு.

லித்தியம் பேட்டரியில், பேட்டரி தனியாக இருக்கிறதா, கருவிக்குள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பேட்டரி பொருத்திய கைபேசி யூஎன் 3481. கருவிக்குள் இருக்கும் பேட்டரி 100 வாட்-மணிக்கு மேற்படாமலும் மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டும் இருந்தால் டிஜிடி இல்லாமல் போகலாம். பெட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து பேட்டரி குறியும் ஏர்வே பில்லில் ஒரு வாசகமும் தேவைப்படும். பவர் பேங்க்கைக் கருவி என்று நினைத்து அதே வழியில் அனுப்பப் பார்க்கிறார்கள். விதிப்படி அது தனி பேட்டரி, யூஎன் 3480. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும் சாதாரண பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணிதான்; 100க்குக் கீழே. ஆனாலும் சலுகை கிடையாது. தனி லித்தியம் அயான் பேட்டரி 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற முடியாது. சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தனி பேட்டரிக்கு இருந்த சிறு அளவுச் சலுகையும் 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பவர் பேங்க்குக்கு டிஜிடி, சரக்கு விமானம் மட்டும். பயணி தன் பையில் கொண்டுபோகும் ஒன்றிரண்டு பவர் பேங்க் வேறு விதிக்குள் வருகிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

ஏன் இத்தனை கெடுபிடி என்றால், 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் 6 சரக்கு விமானத்தில் தீப்பிடித்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். ஏராளமான லித்தியம் பேட்டரிகள் அதில் இருந்தன. அவற்றில் குறைந்தது மூன்று சரக்குகள் ஒன்பதாம் கிளாஸாக அறிவித்திருக்க வேண்டியவை, அப்படி அறிவிக்கப்படவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் விசாரணை அறிக்கை சொன்னது.

யார் கையெழுத்து, யார் திருத்தம்?

சரி, ஃபார்வர்டர் விஷயத்துக்கு வருவோம். அவர் பேக்கிங்குக்கு ஆள் ஏற்பாடு செய்யலாம், தாளைத் தட்டச்சு செய்து தரலாம், இடம் பிடிக்கலாம். ஷிப்பரின் இடத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு டிஜி பயிற்சி வேண்டும்; அந்தப் பயிற்சியை 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயிற்சி இல்லாத ஓர் அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்பது, அவர் படித்தறியாத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாளி ஆக்குவதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஃபார்வர்டருக்கும் ஷிப்பர் சொல்லித்தான் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரதி ஒன்றைக் குறைந்தது மூன்று மாதம் ஷிப்பர் வைத்திருக்க வேண்டும்.

திருத்தத்தில் ஒரு நுணுக்கம். ஏர்வே பில் எண்ணையும் புறப்படும், சேரும் விமான நிலையங்களையும் ஏஜென்ட்டோ விமான நிறுவனமோ நிரப்பலாம், மாற்றலாம். ஏனென்றால் அவை சரக்கு போகும் வழியைப் பற்றியவை. மற்ற எந்த இடத்தில் அடித்து எழுதினாலும், ஒரு லிட்டரை இரண்டாக்கினாலும்கூட, தாளில் முதலில் கையெழுத்திட்டவரே அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் அதே கையெழுத்தைப் போட வேண்டும். அவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தால் சரக்கு அடுத்த விமானத்துக்குத்தான்.